பத்து விரல் நண்டு, தீப்பெட்டி வண்டி, ஒரு நன்றி

வடசென்னைப் பிள்ளைகளோடு ஒரு பொங்கல் கைவேலை

நவம்பர் கடைசி வாரம் வந்தால் போதும், சில மழலையர் பள்ளிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் வான்கோழி வந்து இறங்கிவிடுகிறது. பிள்ளையின் கையைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் வரைய வேண்டும். கட்டைவிரல் தலை, மற்ற நான்கு விரலும் தோகை. அமெரிக்காவில் நவம்பர் நான்காவது வியாழக்கிழமை கொண்டாடும் தேங்க்ஸ்கிவிங் நாளுக்காக அங்கே வீட்டுக்கு வீடு சிறு பிள்ளைகள் செய்யும் கைவேலை இது. ராயபுரத்துப் பிள்ளை அதைச் செய்தால் குற்றமொன்றும் இல்லை, வான்கோழி நமக்குத் தெரியாத பறவையும் இல்லை. ஆனால் காசிமேட்டு மீன் ஏலச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் வளரும் பிள்ளை, ஐந்து விரலோடு ஏன் நிறுத்திக்கொள்ள வேண்டும்? பத்து விரலையும் வைத்தால் நண்டு வரும்.

அதற்குக் கொஞ்சம் போஸ்டர் கலரும் ஒரு சார்ட் பேப்பரும் போதும். இரண்டு உள்ளங்கையிலும் பிரஷ்ஷால் கலரைப் பூசுங்கள். பூசும்போதே பிள்ளை கூச்சத்தில் நெளியும். பாதிச் சிரிப்பு அதிலேயே தீர்ந்துவிடும். இரண்டு உள்ளங்கையின் அடிப்பக்கமும் ஒட்டியிருக்கட்டும், விரல்கள் இடமும் வலமும் விரியட்டும், கட்டைவிரல் இரண்டும் மேலே பார்க்கட்டும். அப்படியே காகிதத்தில் ஒரே அமுக்கு. கையை எடுத்தால் பக்கத்துக்கு நான்காக எட்டுக் கால், கட்டைவிரல் இருந்த இடத்தில் இரண்டு கொடுக்கு. கொடுக்கையும் சேர்த்து நண்டுக்குப் பத்துக் கால் என்று உயிரியல் புத்தகம் சொல்கிற கணக்கு அச்சுப் பிசகாமல் வந்துவிடும். கண்ணுக்கு இரண்டு மிளகை ஒட்டினால் முடிந்தது.

நண்டிலும் சாதி பார்த்துச் செய்யலாம். நீலம் பூசினால் நீலக்கால் நண்டு. முதுகில் மூன்று பொட்டு வைத்தால் மூன்று புள்ளி நண்டு. சிலுவை போட்டால் சிலுவை நண்டு. பிரான்சிஸ் சவேரியார் கடலில் தவறவிட்ட சிலுவையை ஒரு நண்டு கரைக்குக் கொண்டுவந்து கொடுத்தது என்று கத்தோலிக்க வீடுகளில் சொல்லும் கதைக்குரிய நண்டு அது. ராயபுரத்து ராயப்பர் கோயில் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டால் வேறு நண்டைத் தொட மாட்டார்கள். பச்சையும் பழுப்பும் கலந்தால் எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்று நண்டு. அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது, பின்னால் வருகிறேன்.

செய்து முடித்த நண்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடாதீர்கள். அடுத்த முறை மீன் வாங்கப் போகும்போது பிள்ளையின் கையிலேயே கொடுத்துக் கூட்டிப்போங்கள். வழக்கமாக நண்டு தருகிற அக்காவிடம் பிள்ளையே நீட்டட்டும். 'உங்களுக்குத்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்கப்புறம்தான் அந்தக் காகிதம் நன்றியாகிறது.

அறுவடை இல்லாத ஊர்

நமக்கு நன்றி சொல்லும் நாள் தையில் வருகிறது. சூரியனுக்கும் மண்ணுக்கும் மாட்டுக்கும் உழவருக்கும் நன்றி என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வயல் எங்கே இருக்கிறது? அரிசி செங்குன்றத்து மில்லிலிருந்து வருகிறது. கரும்பு கடலூர்ப் பக்கத்திலிருந்து லாரி ஏறி வந்து, தெருமுனையில் சாய்ந்து நிற்கிறது. மூன்றாவது மாடியில் கேஸ் அடுப்பில் குக்கர் வைத்துப் பொங்கல் செய்கிற வீட்டுப் பிள்ளைக்கு 'உழவருக்கு நன்றி' என்பது பரீட்சையில் எழுதுகிற பதில். அந்தப் பிள்ளை கண்ணால் பார்க்கிற ஆட்கள் வேறு.

இந்த வட்டாரத்தில் விளைவது வேலை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. திருவொற்றியூரில் 1955 முதல் என்ஃபீல்டு புல்லட் செய்தார்கள். எண்ணூரில் அசோக் லேலண்டு லாரி. காமராஜர் துறைமுகம் 2001-ல் வந்தது, அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். காசிமேட்டுப் பக்கம் வலை, ஐஸ், டீசல். ஒரு வீட்டில் அப்பா ஷிஃப்ட்டுக்குப் போவார், அடுத்த வீட்டில் தாத்தா தொழிலுக்கு, அதாவது கடலுக்குப் போவார். பிள்ளை காலையில் எழும்போது ஒருவர் வேலை முடிந்து வருவார், ஒருவர் கிளம்புவார்.

ஜப்பானில் நவம்பர் 23 அரசு விடுமுறை. பழைய நாளில் அது புது நெல்லைத் தெய்வத்துக்குப் படைக்கிற அறுவடைச் சடங்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1948-ல் வந்த விடுமுறைச் சட்டம் அதே நாளை உழைப்பவர்களுக்கு நன்றி சொல்லும் நாளாக மாற்றியது. மழலையர் பள்ளிப் பிள்ளைகள் படம் வரைந்து, அட்டை செய்து, போலீஸ் ஸ்டேஷனுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். வயலுக்குச் சொன்ன நன்றி வேலைக்கு மாறிய கதை. பொங்கல் பொங்கலாகவே இருக்கட்டும், அதை யாரும் மாற்ற வேண்டாம். ஆனால் துறைமுகத்துப் பிள்ளைக்குச் சூரியனோடு சேர்த்துக் கும்பிட இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொடுக்கலாம். இந்தியாவின் முதல் மே தினத்தை 1923-ல் கொண்டாடிய சிங்காரவேலர் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர், கொண்டாடியதும் இதே சென்னையின் கடற்கரையில்தான். ஆகவே இது இரவல் யோசனை என்று யாரும் சொல்ல முடியாது.

எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் என்பதும் இங்கே தடையில்லை. 1829-ல் கட்டி முடித்த ராயப்பர் கோயிலைப் படகோட்டிச் சமூகம் எழுப்பியது. 1910 முதல் ராயபுரத்தில் பார்சிகளின் தீக்கோயில் இருக்கிறது. சி.எஸ்.ஐ. சபைகளில் அறுப்பின் பண்டிகைக்குப் பிள்ளைகள் பூசணிக்காயையும் வாழைச்சீப்பையும் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போய் வைப்பார்கள், பிறகு அது ஏலத்துக்கு வரும். பள்ளிகளில் சமத்துவப் பொங்கல். நன்றி சொல்ல எல்லோருக்கும் ஏதோ ஒரு நாள் கையில் இருக்கிறது.

மேளமும் புகையும்

போகிக்குச் சில நாள் முன்பே தெருவில் மேளம் வந்துவிடும். தோல் போர்த்திய சின்ன மேளம், கூடவே ஒரு குச்சி. விடியற்காலையில் அதைத் தட்டிக்கொண்டு தெருவையே எழுப்புகிற உரிமை சென்னைப் பிள்ளைகளுக்குப் பரம்பரையாக உண்டு. கடையில் வாங்கினால் விற்கிறவருக்கு நல்லது, வாங்குங்கள். வீட்டிலும் ஒன்று செய்யலாம். பலூனின் கழுத்தை வெட்டிவிட்டு, மீதியைக் கொட்டாங்குச்சியின் வாயில் இழுத்துப் போர்த்தி ரப்பர் பேண்டு போட வேண்டும். அடிக்க ஐஸ் குச்சி. கொட்டாங்குச்சிக்கு ஒரு சத்தம், பால் பவுடர் டப்பாவுக்கு ஒரு சத்தம், பிளாஸ்டிக் டம்ளருக்கு இன்னொன்று. மூன்றையும் வரிசையாக வைத்தால் ஒரு கச்சேரியே நடக்கும், பக்கத்து வீட்டுக்காரரின் பொறுமையைப் பொறுத்து. ஒன்று மட்டும் கவனம்: வெட்டிய துண்டையும் கிழிந்த பலூனையும் அந்த நிமிஷமே குப்பையில் போடுங்கள். சிறு பிள்ளை வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

பலூன் மேளம் தட்டுகிற பிள்ளைக்குச் சொல்ல ஒரு ஊர்க்கதையும் இருக்கிறது. 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்ய ஆரம்பித்தார். அந்தப் பலூன் கம்பெனிதான் எம்.ஆர்.எஃப். கிரிக்கெட் மட்டையில் பார்க்கிற அதே மூன்று எழுத்து. டயரெல்லாம் அப்புறம் வந்தது.

டயர் என்றதும் போகியின் இன்னொரு பக்கம் ஞாபகம் வந்தே தீரும். பழைய பாயும் துடைப்பமும் எரிந்த காலம் போய் டயரும் பிளாஸ்டிக்கும் எரிகிற காலம் வந்தது. மணலி, எண்ணூர்ப் பக்கத்தில் வருஷம் முழுக்கப் புகை மூக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் நாமும் ஒரு நாள் கொளுத்த வேண்டுமா? பழைய துணி, டயர், ரப்பரைக் கொளுத்தாமல் தூய்மைப் பணியாளர்களிடம் கொடுங்கள் என்று மாநகராட்சியும் சொல்லிக்கொண்டிருக்கிறது. பிள்ளைக்கு இதில் ஒரு வேலை உண்டு. போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பொம்மைக் கூடையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டுங்கள். கொடுக்கிறது ஒரு குவியல், ஒட்டிச் சரிசெய்கிறது ஒரு குவியல், குப்பை ஒரு குவியல். எது எங்கே போகும் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். கை உடைந்த பொம்மை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு 'இது மட்டும் வேணாம்மா' என்றால் விட்டுவிடுங்கள். பிடுங்கிக் கொடுத்தால் அதற்குப் பேர் தானம் இல்லை.

கொம்புக்குப் பதில் ஹேண்டில்பார்

மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்துக்கு மாலை போட வேண்டும். திருவொற்றியூர்த் தெருக்களில் பால் மாடுகள் இன்னும் நடமாடுகின்றன, வாழைப்பழம் கொடுத்துவிட்டு வரலாம். ஆனால் வடசென்னையில் சுமை இழுக்கிற மாடு மீன்பாடி வண்டிதான். முன்னால் பெரிய தட்டு, அதற்குக் கீழே இரண்டு சக்கரம். பின்னால் ஒரு சக்கரம், சீட்டு, பழைய மோட்டார். மீன் மட்டுமா? பீரோ, கட்டில், மணல், ஐஸ் கட்டி, கல்யாண வீட்டுப் பாத்திரம், சில நேரம் கல்யாண வீட்டு ஆட்களும்.

தீப்பெட்டியில் இதைச் செய்வது சுலபம். குச்சிகளையெல்லாம் பெரியவர்கள் முதலில் எடுத்துப் பத்திரப்படுத்திவிடுங்கள். உள்பெட்டிதான் முன் தட்டு. வெளிக்கூட்டைப் பாதியாக வெட்டினால் ஒன்று சீட்டு, ஒன்று மோட்டார். தண்ணீர் பாட்டில் மூடி மூன்று சக்கரம். சூடான ஊசியால் மூடியின் நடுவில் துளை போட்டுத் தருவது உங்கள் வேலை; துடைப்பத்து ஈர்க்குச்சியை அச்சாகச் செருகுவது பிள்ளையின் வேலை. சின்ன விரலுக்கு நல்ல பயிற்சி, அவசரப்படுத்தாதீர்கள். குச்சி உடையும், இன்னொன்று எடுக்கலாம், துடைப்பத்தில் பஞ்சமில்லை. தட்டில் ஒரு கை கல் உப்பைக் கொட்டுங்கள், அதுதான் ஐஸ். சாக்லேட் சுற்றி வந்த வெள்ளித் தாளில் மீன் வெட்டி மேலே அடுக்கலாம்.

'என்னடா மீனு, வஞ்சிரமா சங்கராவா?'

'ரெண்டும் இல்ல. சுறா!'

தட்டைவிடப் பெரிய சுறா என்றாலும் ஏற்றிக்கொள்ளுங்கள். உண்மையான மீன்பாடி வண்டியிலும் தட்டைவிடப் பெரிய சுமைதான் போகிறது.

மாட்டுப் பொங்கலன்று இந்த வண்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, ஒற்றைச் சாமந்தியை மாலையாகப் போட்டு, 'பொங்கலோ பொங்கல்' சொல்லிவிடுங்கள். தீப்பெட்டிக்கும் இங்கே சொந்தம் உண்டு. விம்கோ நகர் ரயில் நிலையமும் 2021-ல் ஓடத் தொடங்கிய விம்கோ நகர் மெட்ரோவும் பேர் வாங்கியது திருவொற்றியூரின் விம்கோ தீப்பெட்டி ஆலையிடமிருந்து. மெட்ரோவில் போகும்போது அறிவிப்பில் அந்தப் பேர் வரும். பிள்ளையிடம் தீப்பெட்டி வண்டியைக் காட்டி விஷயத்தைச் சொல்லலாம்.

சாண் உயர வீடு

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மளிகைக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சிகள் பலருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம். அந்த வீட்டு ஆச்சிகளிடம் 'சின்ன வயசுல பொங்கலுக்கு என்ன பண்ணுவீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். சிறுவீட்டுப் பொங்கல் என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள்.

மார்கழி முழுக்கப் பெண் பிள்ளைகள் விடியுமுன் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப்பூவைச் செருகி வைப்பார்கள். வெயில் ஏறியதும் பூவையும் சாணியையும் சேர்த்து வட்டமாகத் தட்டிக் காயவைப்பார்கள். நாளுக்கு நாள் அந்தச் சின்ன எருவாட்டிகள் சேர்ந்துகொண்டே வரும். இன்னொரு பக்கம் முற்றத்தில் களிமண்ணைக் குழைத்து ஒரு வீடு எழும்பும். சுவர் ஒரு சாண் உயரம்தான், ஆனால் வாசற்படி, அறை, அடுப்படி எல்லாம் உண்டு. சுண்ணாம்பும் காவியும் பூசுவார்கள். தை பிறந்த பிறகு ஒரு நாள் அந்த வீட்டின் முன்னால் சின்ன அடுப்பு மூட்டி, சின்னப் பானையில் பிள்ளைகளே பொங்கலிடுவார்கள். அம்மாமார்கள் ஒத்தாசைக்கு நிற்பார்கள், அவ்வளவுதான். படைத்து முடித்து, ஒரு மாதம் சேர்த்த எருவாட்டிகளையும் வாழையிலையில் கொஞ்சம் பொங்கலையும் சூடத்தையும் ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிட்டு வருவார்கள்.

இதை யார் திட்டம் போட்டுக் கொடுத்தது? சேகரிக்க ஒரு மாதம், கட்ட ஒரு வீடு, சமைக்க ஒரு நாள், கடைசியில் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புதல். குழந்தைக் கல்வி பற்றிப் பெரிய பெரிய புத்தகம் எழுதுகிறவர்கள் இதைவிட நன்றாக யோசித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. குறையென்றால் ஒன்றுதான், இது பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று இருந்தது. இப்போது பையன்களும் அடுப்படி கட்டட்டும்.

முற்றம் இல்லாத ஹவுசிங் போர்டு வீட்டில் களிமண்ணுக்குப் பதில் அட்டைப் பெட்டி. அண்ணாச்சி கடையில் கேட்டால் பிஸ்கட் பெட்டி ஒன்று சும்மாவே கிடைக்கும். மேல் மூடியை வெட்டி எடுத்துவிட்டால் சுவர் மட்டும் நிற்கும். உள்ளே அட்டையால் அறை தடுத்து, சுவருக்குச் சுண்ணாம்புக்குப் பதில் அரிசிமாவுக் கரைசல், காவிக்குக் கொஞ்சம் செம்மண். அடுப்புக்கு மூன்று கூழாங்கல். பானைக்குச் சின்ன மண் சட்டியோ அகல் விளக்கோ போதும். நிஜ நெருப்பு வேண்டாம். அவலைக் கழுவி ஊறவைத்து, பொடித்த வெல்லமும் தேங்காய்த் துருவலும் ஒரு சிட்டிகை ஏலக்காயும் போட்டுப் பிள்ளை தன் கையாலேயே பிசையட்டும். கை கழுவியாயிற்றா என்று இரண்டு தரம் பாருங்கள். அந்த அவல் பொங்கலை முதலில் சின்ன வீட்டுக்கு ஒரு துளி, காக்காய்க்கு ஒரு கவளம், பிறகு மாடிப்படியில் எதிர்ப்படுகிற எல்லோருக்கும் ஒரு ஸ்பூன். வாங்கிக்கொள்கிறவர்கள் முகத்தைச் சுளிக்காமல் சாப்பிட வேண்டும் என்று பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

பெட்டியின் முன்னால் ஒரு கோலம் வேண்டுமே. மூன்று வயசுப் பிள்ளைக்குப் புள்ளி வைத்துக் கோடு இழுக்க வராது. தட்டில் அரிசிமாவைப் பரப்பிக் கொடுத்துவிட்டால் விரலாலேயே கிறுக்கும். அதுவும் கோலம்தான், எறும்புக்குப் புகார் இல்லை.

மஞ்சள் தண்ணியில் வருகிற எழுத்து

பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கொத்தைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள், ஆரத்தித் தட்டில் சிவந்த தண்ணியையும் பார்த்திருப்பார்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். ஆப்ப சோடா சேர்ந்தாலும் சிவக்கும். காரத்தன்மை உள்ள எது பட்டாலும் மஞ்சளின் நிறம் செம்பழுப்பாக மாறிவிடும்; எலுமிச்சையைப் பிழிந்தால் மறுபடி மஞ்சள். பெரிய வகுப்பில் லிட்மஸ் தாளை வைத்துச் சொல்லித்தருகிற பாடம் நம் அஞ்சறைப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

இதை வைத்து ஒரு ரகசியக் கடிதம் எழுதலாம். கால் டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா. அதில் காது பட்ஸைத் தொட்டு வெள்ளைக் காகிதத்தில் எழுதுங்கள். எழுத வராத பிள்ளை சூரியனோ மீனோ வரையட்டும். காய்ந்துவிட்டால் ஒன்றுமே தெரியாது, வெறும் காகிதம்தான். அதை மடித்து ஷிஃப்ட் முடிந்து வருகிற அப்பாவிடமோ, கடலுக்குப் போய்த் திரும்புகிற தாத்தாவிடமோ கொடுக்க வேண்டும். அவர் முன்னால் ஒரு கிண்ணத்தில் வெந்நீரில் கரைத்த மஞ்சள்தூள், ஒரு பிரஷ். தடவத் தடவக் காகிதம் மஞ்சளாகும், எழுதிய இடம் மட்டும் சிவந்து எழும்பும். 'தேங்க்ஸ் தாத்தா' என்ற எழுத்து வரும்போது தாத்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே பிள்ளை மறுநாளும் ஒரு கடிதம் எழுதும். பழைய துணியை உடுத்திக்கொள்ளுங்கள். மஞ்சள் கறை லேசில் போகாது, சோப்புப் போட்டால் இன்னும் சிவக்கும். அந்த ஆச்சரியத்தையும் சேர்த்துக் காட்டிவிடுங்கள்.

எண்ணூர் நண்டு

காசிமேட்டில் வலை சரிபார்க்கிற இடத்தில் கேட்டால் உதவாத வலைத் துண்டு ஒன்று கிடைக்கும். நன்றாக அலசி, வெயிலில் காயவைத்து, கண்ணாடி போன பழைய போட்டோ சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். காகிதத்தில் மீன் வெட்டி, மீனுக்கு ஒருவராகப் பேர் எழுதி வலையில் கோக்கலாம். நெத்திலிக்குத் தங்கச்சி பேர், சுறாவுக்கு ஹெட்மாஸ்டர் பேர் என்று பிள்ளைகள் தாங்களாகவே தீர்மானித்துக்கொள்வார்கள், நாம் தலையிட வேண்டாம். ஓரத்தில் ஓர் ஆமையையும் வலைக்கு வெளியே ஒட்டுங்கள். முட்டையிட ஆமைகள் நம் கரைக்கு வருவதும் ஜனவரியை ஒட்டித்தான். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின.

சேற்று நண்டைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் அலையாத்திச் செடியும் கறுத்துப்போயின. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவு பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் போகிற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இதையெல்லாம் ஐந்து வயசுப் பிள்ளையிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்கலாம். எண்ணூர்ப் பிள்ளைக்கு நாம் சொல்ல வேண்டியதே இல்லை, அதற்குத் தெரியும். மற்ற பிள்ளைகளுக்கு 'நண்டு வீட்டுல எண்ணெய் கொட்டிடுச்சு' என்ற ஒரு வரி போதும். அடுத்த கேள்வி அதுவாகவே வரும்: யார் கொட்டினது? மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். சூரியனுக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்கிற வாரத்தில் கழிமுகத்துக்கும் ஒரு நண்டு வரைந்து நன்றி சொல்லலாம், கூடவே ஒரு மன்னிப்பும் கேட்கலாம்.

கொடுக்கிற நாள்

காணும் பொங்கல் ஆட்களைப் போய்ப் பார்க்கிற நாள். பெரியவர்கள் காலில் விழுந்து காசு வாங்குகிற நாளாகவே பிள்ளைகளுக்கு அது தெரியும். வாங்குவதற்கு முன்னால் கொடுப்பதையும் சேர்த்துவிடலாம். வாரம் முழுக்கச் செய்த நண்டு, வண்டி, கடிதம், அவல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். அங்கன்வாடி ஆயா, தெரு கூட்டுகிற அக்கா, ஐஸ் வண்டி அண்ணன், வலை பின்னுகிற தாத்தா என்று யாருக்கு எது என்று பிள்ளைக்கே தெரிந்திருக்கும். பொங்கல் இனாம் கேட்டு வருகிறவர்களுக்கு நீங்கள் பணம் கொடுக்கும்போது பிள்ளை ஒரு அட்டையை நீட்டட்டும். பணத்துக்குப் பதிலாக அட்டை என்று மட்டும் ஆகிவிடக் கூடாது.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும். வெளியூர், வெளிமாநில டிரைவர்கள் பண்டிகை நாளிலும் கேபினிலேயே படுத்திருப்பார்கள். அங்கே பிள்ளையைச் சாலையில் இறக்கிவிடாதீர்கள், பெரிய வண்டிகள் புழங்குகிற இடம். ஓரத்து டீக்கடையில் நிறுத்தி, டீ குடிக்க வருகிற டிரைவரிடம் ஒரு கரும்புத் துண்டும் தீப்பெட்டி வண்டியும் கொடுக்கலாம். பாஷை தெரியாவிட்டாலும் தீப்பெட்டி வண்டி அவருக்குப் புரியும், அவரும் வண்டிக்காரர்தானே.

கொடுக்கும்போது நீங்கள் முன்னால் நிற்காதீர்கள். 'சொல்லு, தேங்க்ஸ் சொல்லு' என்று முதுகில் குத்தவும் வேண்டாம். பிள்ளை வெட்கப்பட்டுக் காகிதத்தைக் கையில் திணித்துவிட்டு ஓடிவந்தாலும் வேலை முடிந்ததுதான். போட்டோ எடுக்க வேண்டுமென்றால் வாங்கிக்கொள்கிறவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

ஊரில் இருக்கிற ஆச்சிக்கும், தூரத்தில் வேலை பார்க்கிற மாமாவுக்கும் தபாலில் அனுப்புங்கள். ஒரு காலத்தில் பொங்கல் வாழ்த்து அட்டைகளைச் சுமந்தே தபால்காரர்களுக்குத் தோள் வலித்தது. இப்போது அவர்கள் பையில் பெரும்பாலும் பேங்க் கடிதம்தான். பிள்ளை வரைந்த நண்டோடு ஓர் அஞ்சலட்டை வந்தால் தபால்காரருக்கும் சந்தோஷமாக இருக்கும். அனுப்புநர் முகவரியில் பின்கோடைப் பிள்ளையே எழுதட்டும்: ராயபுரம் 600013, திருவொற்றியூர் 600019, எண்ணூர் 600057. அஞ்சலட்டை விலை 50 காசு.